ஜெய்னம்புவை விடாத பள்ளி

மக்காவில் உம்ராவை முடித்துக்கொண்டு வருகிற வழியில் துருக்கியையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பிய காயல்பட்டினத்துக் கூட்டம், குயுபாஷி என்ற சின்ன ஊரில், உதுமானியர் காலத்தில் லுத்ஃபுல்லா பாஷா கட்டிய பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது, எல்லாருடைய செருப்புகளும் போகிற வழியைப் பார்த்திருக்க, உவைஸ்னாவின் மனைவி ஜெய்னம்புவின் செருப்பு மட்டும் பள்ளிக்கு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் கண்ட, தொழுகைக்குப் பாங்கு சொல்லி அழைக்கிற பள்ளி மோதினார் ஹிக்மத் ஆச்சரியப்படவும் இல்லை, பதறவும் இல்லை. எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையைப் பார்த்துக் கைதட்டி, இன்றைக்கு ஒரு கிண்ணம் சூப் கூடுதலாக வைக்கச் சொன்னார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே அவருடைய செருப்பை வாசல் பார்த்துத் திருப்பி வைத்துவிடுவார்கள். போகும்போது தடுமாறாமல் காலை நுழைத்துக்கொண்டு போகட்டும் என்ற மரியாதை. வெளியூரிலிருந்து பள்ளியைப் பார்க்க வருகிறவர்களுக்கு அந்த மரியாதையை ஹிக்மத் செய்துவந்தார். அன்றைக்கும் எல்லாச் செருப்பையும் அவர்தான் திருப்பினார், ஜெய்னம்புவின் செருப்பையும் சேர்த்துத்தான். அது மட்டும் தானாக மறுபடி உள்ளே திரும்பிக்கொண்டது.

உவைஸ்னாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்து ஆள் எண்ணிக்கொண்டிருந்தார். ஹாங்காங்கில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பி, எந்தச் சங்கம் கூப்பிட்டாலும் தலைவராகப் போய் உட்காருகிறவர். கூட்டம் என்று ஒன்று இருந்தால் அதை எண்ணிப் பார்க்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. எண்ணினார், ஒரு ஆள் குறைந்தது. மறுபடி எண்ணினார், அப்போதும் குறைந்தது. குறைகிற ஆள் தன் பெண்டாட்டி என்று கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கோபமாக இறங்கிப் போய், பள்ளி வாசலில் தொங்கிய கனத்த தோல் திரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். மேலே பெரிய குவிமாடம். அதன் நடுவிலிருந்து கைக்கு எட்டுகிற உயரம்வரை சங்கிலியில் இறங்கிய விளக்கு வளையங்கள். சிலந்தி வராமலிருக்க விளக்குகளுக்கு நடுவே கட்டித் தொங்கவிட்ட நெருப்புக்கோழி முட்டைகள். நீலப் பூ ஓடுகள். இவை எல்லாவற்றுக்கும் கீழே, கம்பளத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜெய்னம்பு உட்கார்ந்திருந்தாள்.

"பஸ்ஸு நிக்குது, இங்க என்ன உக்காந்துக்கிட்டு?"

"நான் வந்துக்கிட்டுத்தான் இருக்கேன். வர முடியலை, பாருங்க."

எழுந்து நடந்து, திரையைத் தூக்கி, வலது காலை வெளியே வைத்து, இடது காலையும் வைத்து, போயே போய்விட்டாள், திரை விழுந்தது. விழுந்த திரை மறுநொடியே தூக்கப்பட, வெளியிலிருந்து வருகிறவளாக அதே ஜெய்னம்பு அதே கைப்பையோடு உள்ளே வந்தாள்.

உவைஸ்னா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து நடந்தார். வெளியே வந்து பார்த்தபோது அவர் கை காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்கிற தொட்டிப் பக்கம் இருந்த சின்ன வாசலில் முயன்றார்கள். பெண்கள் தொழுகிற மாடத்தில் ஏறி அங்கிருந்த சன்னல் வழியாக முயன்றார்கள். அந்த வயதில் ஜெய்னம்பு சன்னல் ஏறியதைக் காயல்பட்டினத்துக் கூட்டம் முழுக்க பஸ்ஸிலிருந்து பார்த்தது. வெளியே குதித்தவள் மாடப்படி இறங்கி உள்ளே வந்தாள். உவைஸ்னாவால் மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போய்வர முடிந்தது.

கூட்டத்தை நடத்திவந்த ஜவாஹிர், பல வருஷமாக இதே பாதையில் ஆள் கூட்டி வந்து துருக்கி பாஷையையும் கற்றுக்கொண்ட கீழக்கரைக்காரர். உவைஸ்னாவை அண்ணன் முறையில் காக்கா என்றும், ஜெய்னம்புவை அக்கா முறையில் ராத்தா என்றும் கூப்பிடுவார். அவரைக் கூப்பிட்டு ஹிக்மத்திடம் விசாரிக்கச் சொன்னார் உவைஸ்னா. ஹிக்மத் சாவகாசமாகப் பேசினார். ஜவாஹிர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்.

"என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் பயப்பட வேணாமாம் காக்கா. இந்தப் பள்ளியில இது நடக்குறதுதானாம். முதல்ல ராத்தாவைச் சாப்பிடச் சொல்றாரு. சூப்பு வருதாம்."

"சூப்பு இருக்கட்டும்யா. ஏன் விட மாட்டேங்குதுன்னு கேளு."

ஜவாஹிர் கேட்டார். ஹிக்மத் தாடியைத் தடவிக்கொண்டு, எங்கேயோ ஒரு மாப்பு பாக்கி நிற்கிறது, அது தீராமல் பள்ளி விடாது என்று ஆரம்பித்தார். மாப்பு என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே உவைஸ்னாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மீதியைக் கேட்க அவர் நிற்கவில்லை. அவருடைய பாதி வாழ்க்கை இப்படி, மீதியைக் கேட்காமலே விளங்கிக்கொண்டதுதான்.

உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ போகிறவர், கிளம்புமுன் ஊரில் எல்லாரிடமும் போய், தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது தப்புச் செய்திருந்தால் மாப்புப் பண்ணிக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட்டுப் போவது காயல்பட்டினத்து வழக்கம். உவைஸ்னா அதைக் கேட்ட அழகை ஊரே பேசியது. தெருத் தெருவாகப் போனார். கறிக்கடைக்காரரிடம் கேட்டார், தையற்காரரிடம் கேட்டார், சங்கத் தேர்தலில் முறைத்துக்கொண்டு பேச்சை நிறுத்தியிருந்த மச்சினரைக் கட்டிப்பிடித்துக் கேட்டு, இரண்டு பேரும் அழுதார்கள். ஹாங்காங்கில் தன்னிடம் வேலை பார்த்த சீனக் கிழவருக்குப் போன் போட்டு, அவருக்கு விளங்குகிறதோ இல்லையோ, அவரிடமும் கேட்டார். உலகத்தில் ஒரு ஆள் பாக்கி இல்லை என்ற நிம்மதியோடு விமானம் ஏறியவர் அவர். ஆகவே பாக்கி வைத்தவள் ஜெய்னம்புதான்.

"யார்கிட்ட கேக்காம வந்தே?" என்று அவள் எதிரே உட்கார்ந்தார்.

"எல்லார்கிட்டயும் கேட்டேனே."

"யோசிச்சுப் பாரு."

ஜெய்னம்பு யோசித்தாள். இதற்குள் சாப்பாட்டுக் கடை நெஜ்லா, அகலமான முகமும் உரத்த குரலுமாக, தலையில் பூப்போட்ட துணியும் கையில் கிண்ணமுமாக வந்து, பருப்பு சூப்பை அவள் முன்னால் வைத்து, எலுமிச்சைத் துண்டைத் தன் கையாலேயே பிழிந்துவிட்டு, கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள். சூப் நன்றாக இருந்தது. அது உவைஸ்னாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கூட்டம் அடுத்த ஊருக்குப் போயாக வேண்டியிருந்தது. வேறொரு வழிகாட்டியோடு பஸ்ஸை அனுப்பிவிட்டு ஜவாஹிர் மட்டும் தங்கினார். பஸ் சன்னல்களிலிருந்து காயல்பட்டினம் கைகாட்டிக்கொண்டே போனது. பிறகு ஊருக்குத் திரும்புகிற விமானமும் போனது.

அந்த நாட்களில் உவைஸ்னாவை அதிகமாகக் குழப்பியது பள்ளி அல்ல, அந்த ஊர்க்காரர்கள்தான். ஒரு பெண்பிள்ளை வாசலைத் தாண்ட முடியாமல் கிடக்கிறாள், ஒருவராவது வாயைப் பிளக்க வேண்டாமா? நாவிதர் வந்து, இரவில் குளிரும் என்று ரோமக் கம்பளி கொடுத்துவிட்டுப் போனார். மருந்துக் கடைக்காரர் வந்து, சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா என்று ஜவாஹிர் மூலம் கேட்டு மாத்திரை வைத்துவிட்டுப் போனார். சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு பெண்கள் பின்னல் ஊசியும் நூலுமாக வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, தங்கள் மருமகளைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் துருக்கியில் சொன்னார்கள். பள்ளி பிடித்து வைத்த ஆளுக்கு எங்கேயும் போகிற அவசரம் இருக்காது, நிதானமாகக் கேட்பாள் என்பது அந்த ஊரின் நெடுநாளைய அனுபவம். ஜெய்னம்பு அவர்கள் கொடுத்த ஊசியில் பின்னிக்கொண்டே காயல் தமிழில் உச்சுக்கொட்டினாள். அவளுக்குப் பாஷை புரியவில்லை, விஷயம் புரிந்தது. இதற்கு முன்னால் ஒரு புதுப்பெண்ணைப் பள்ளி பிடித்து வைத்திருந்ததாம். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரை வைத்திருந்ததாம். வழி தவறி வந்த பல்கேரிய லாரி டிரைவர் ஒருவர் எவ்வளவு காலம் இருந்தார் என்றால், அவருடைய மகளின் கல்யாணத்தையே பள்ளி முற்றத்தில் வைத்து நடத்த வேண்டியதாகிவிட்டதாம்.

"பள்ளிக்கு ஏன் இந்தப் புத்தி? இதோட கதைதான் என்ன?" என்று உவைஸ்னா கேட்டார்.

கதை கேட்டதுதான் தப்பு. வாசலில் இருந்த பலகையில், லுத்ஃபுல்லா பாஷா போரில் வென்று திரும்பிக் கட்டியது, பூகம்பத்தில் மினாராவின் தலை விழுந்து மறுபடி வைத்தது என்று மட்டும்தான் எழுதியிருந்தது. ஹிக்மத் சொன்ன கதை வேறு. பள்ளி கட்டத் தோதான இடத்தில் ஒரு விதவையின் வீடு இருந்தது; பாஷா பெரிய மனசுக்காரர், வீட்டின் மதிப்புக்குப் பலமடங்கு கொடுத்தார், அவளைத் தன் மாளிகையிலேயே கொண்டுவந்து வைத்துச் சோறு போட்டார், ஆனால் வீட்டை எடுத்துக்கொள்ளட்டுமா என்று அவளிடம் கேட்க மட்டும் மறந்துவிட்டார். மருந்துக் கடைக்காரர் குறுக்கே விழுந்து, விதவை இல்லை, அது பாஷாவின் சொந்தத் தங்கை என்றார். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டார்கள். அந்த ஊரில் விதவைக் கட்சி, தங்கைக் கட்சி என்று உண்டு. சம்பந்தம் பேசும்போதுகூட எந்தக் கட்சி என்று பார்ப்பார்களாம். நெஜ்லா வந்து காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டே, "விதவையாவது தங்கையாவது! அது அவனுடைய பெண்டாட்டி. வீடு அவள் அப்பன் அவளுக்குக் கொடுத்தது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முடிவு மட்டும் எல்லாக் கட்சிக்கும் ஒன்றுதான். பாஷா சாகக் கிடந்தபோது, ஊரில் முரசடித்து, கல்தச்சன், கழுதைக்காரன், பகையாளி என்று எல்லாரிடமும் மாப்புக் கேட்டார். அவர் ஜனாஸாவைப் பள்ளி முற்றத்துக் கல்மேடையில் வைத்து, அந்த நாட்டு வழக்கப்படி இமாம், இந்த மனிதரிடம் உங்களுக்குள்ள பாத்தியதையை விட்டுக்கொடுத்தீர்களா என்று கேட்டபோது, ஊரே விட்டோம் என்றது. பெண்கள் மாடத்தில் நின்ற அந்த ஒருத்தியிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. தினமும் கண்ணெதிரே நடமாடியவள் என்பதால் பாஷாவுக்கு அவள் நினைவே வரவில்லை. எல்லாரும் போனபிறகு அவள் இறங்கி வந்து வாசலைத் தாண்டினாள். தாண்டியவள் உள்ளேதான் வந்தாள். கேட்க வேண்டிய ஆள் மண்ணுக்குள் போய்விட்டதால் அவள் கடைசிவரைக்கும் போகவே இல்லை. முற்றத்து மூலையில், உள்வாசல் பக்கமாக, பெயர் வெட்டாத ஒரு சின்னக் கபுரு இருக்கிறதே, அது அவளுடையதுதான்.

ஜவாஹிர் இதை மொழிபெயர்த்தபோது உவைஸ்னா போனில் இருந்தார்; பாதிக் காதால்தான் கேட்டார். ஜெய்னம்புவுக்காக ஊரில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மாப்பு வாங்கிக்கொண்டிருந்தார். முதலில் தன் தங்கையைக் கூப்பிட்டார்; தங்கை, மதினி மேல் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று அழுதாள். பெரியம்மா மகளைக் கூப்பிட்டார், மீன்காரியைக் கூப்பிட்டார். செய்தி காயல்பட்டினம் முழுக்கப் பரவி, ஊரும் தன் பங்குக்கு அதை ஏற்றுக்கொண்டுவிட்டது: முதல் நாள் அவளுக்காகக் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதினார்கள், அடுத்த நாள் சூப்புக்கு என்ன பருப்பு போடுகிறார்கள் என்று கேட்டார்கள், அதற்கடுத்த நாள், ஜெய்னம்பு அங்கேதானே இருக்கிறாள், வரும்போது நல்ல கம்பளமாகப் பார்த்து வாங்கிவரச் சொல்லுங்கள் என்றார்கள். மாப்புகள் குவிந்தன. ஒவ்வொரு மாப்பு வந்ததும் ஜெய்னம்பு, அளவு பார்க்க வளையல் போட்டுப் பார்ப்பதைப் போல, போய் வாசலைத் தாண்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

கடைசியில் கூப்பிட ஆள் இல்லாமல் போயிற்று. உவைஸ்னா போனை வைத்துவிட்டு, "இவ செஞ்ச பாவம் என்னன்னு அந்த ஆளையே கேளு, ஜவாஹிர். எனக்குத் தலை வெடிச்சிரும் போலிருக்கு" என்றார்.

ஜவாஹிர் கேட்டார். ஹிக்மத் திகைத்துப் போய், ஜெய்னம்புவையும் உவைஸ்னாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார். ஜவாஹிரின் முகம் மாறியது.

"காக்கா, கோவிச்சுக்காதீங்க. பள்ளி தப்புச் செஞ்சவங்களைப் பிடிக்கிறதே இல்லையாம். புதுப்பொண்ணு, வாத்தியாரு, டிரைவர், யாருமே தப்புச் செஞ்சவங்க இல்லையாம். அவங்ககிட்ட யாரோ கேக்க வேண்டியதைக் கேக்கலையாம். முதல் நாளே சொல்ல வந்தாராம், நீங்க கேக்க நிக்காமப் போயிட்டீங்களாம்."

"அப்ப இவகிட்ட யாரு கேக்கணும்?"

ஜவாஹிர் தரையைப் பார்த்தார். ஹிக்மத் விளக்கைப் பார்த்தார். பின்னிக்கொண்டிருந்த பெண்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஊசிகள் நின்றன. எல்லாரும் உவைஸ்னாவையே பார்த்தார்கள்.

அவருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஊர் முழுக்கக் கேட்டவர், சீனன்வரைக்கும் கேட்டவர், சொந்தப் பெண்டாட்டியிடம் கேட்கவில்லை என்பது உண்மைதான். கூடவே வருகிறவளிடம் யாராவது பயணம் சொல்வார்களா? சட்டையை நீவிக்கொண்டு, தெருத் தெருவாகச் சொன்ன அதே குரலில், "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் தப்புச் செஞ்சிருந்தா மாப்புப் பண்ணிக்கோ ஜெய்னம்பு" என்றார்.

"பண்ணிட்டேன்" என்றாள் ஜெய்னம்பு, உடனே. எழுந்து போனாள். திரை விழுந்தது, திரை தூக்கியது, உள்ளே வந்தாள்.

அப்போதுதான் உவைஸ்னாவுக்குப் பயம் வந்தது. முற்றத்து மூலையிலிருந்த அந்தச் சின்னக் கபுரு நினைவுக்கு வந்தது. ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும், குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஹாங்காங்கிலிருந்து பெருநாளைக்கு வராமல் போனதைச் சொன்னார். அவள் போனாள், வந்தாள். அவள் தம்பி கல்யாணத்தில் பிரியாணியைக் குறை சொன்னதைச் சொன்னார். போனாள், வந்தாள். பிள்ளைகள் முன்னால் சத்தம் போட்டது, சமைத்ததை ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று சொல்லாதது, நகையை மாற்றியது, பெயர் சொல்லாமல் 'இந்தா' என்று கூப்பிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜெய்னம்பு ஒவ்வொன்றுக்கும் போய்வந்தாள். கால் வலித்தபோது உட்கார்ந்துகொண்டாள். இத்தனை இருக்கிறதா என்று அவருக்கே கலக்கமாக இருந்தது. இத்தனையும் இல்லை என்றால் வேறு எது என்று அதைவிடக் கலக்கமாக இருந்தது. ஒருத்தியோடு இவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, அவளுக்கு எது வலித்தது என்று தெரியாமல், முன்பின் பார்க்காத ஊரின் பெண்களுக்கு நடுவே முழித்துக்கொண்டு நிற்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "எனக்குத் தெரியலை. சத்தியமாத் தெரியலை. நீயே சொல்லு, என்னத்தச் செஞ்சேன்?"

அவர் அவளிடம் இப்படி ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜெய்னம்பு பின்னலைக் கீழே வைத்தாள்.

"நம்ம ஊட்டுல பின்கட்டுல என்ன இருக்கு?"

"பாத்ரூம். மார்பிள் போட்டது."

"அதுக்கு முன்ன அங்க என்ன இருந்துச்சு?"

உவைஸ்னா யோசித்தார். சுவர் நினைவுக்கு வந்தது. சுவருக்கு முன்னால் என்ன என்று வெகுநேரம் யோசித்தார்.

"கதவு," என்றாள் ஜெய்னம்பு. "முடுக்குக் கதவு."

வீடு அவளுடையது. பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள் அந்த ஊரில். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். வீடுகளின் பின்னால் முடுக்கு என்று ஒடுக்கமான சந்து ஓடும். ஆண்கள் அதில் நடக்க மாட்டார்கள். பெண்கள் தெருவுக்குப் போகாமலே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அதன் வழியாகப் போய்வருவார்கள். முடுக்குக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டில் இருந்த சுலைகா ராத்தா, பகல் சாப்பாடு முடிந்ததும், ஒரு நாள் தவறாமல், அந்தக் கதவு வழியாக வந்து ஜெய்னம்புவோடு உட்காருவாள். மகளின் பிரசவத்துக்காக ஜெய்னம்பு சென்னை போயிருந்த சமயம் பார்த்து உவைஸ்னா கதவை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பி, வெளிநாட்டு பாணியில் கழிவறை கட்டினார். வருகிறவர்களையெல்லாம் அழைத்துப் போய்க் காட்டினார். ஜெய்னம்பு திரும்பி வந்து பார்த்தாள். நல்லாருக்கு என்றாள். அதைப் பாராட்டு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"அதுக்காகவா?" என்றார் இப்போது. "உனக்கு வசதியா இருக்கட்டும்னுதானே கட்டினேன். சுலைகா ராத்தா தெரு வழியா வர வேண்டியதுதானே? யாரு வேணாம்னா?"

"முழங்கால் வலிக்காரி, துப்பட்டியைப் போட்டுக்கிட்டு, டீக்கடையில உக்காந்திருக்கிற ஆம்பளைங்களைத் தாண்டி, ரெண்டு தெரு சுத்தி வரணும். வந்தா. பிறகு வாரத்துக்கு ஒருக்கா வந்தா. பிறகு கல்யாணம் காச்சிக்கு வந்தா." ஜெய்னம்புவின் குரல் உயரவில்லை. "அவ உம்மா மௌத்தான அன்னிக்கு, பொழுது சாயுற மஃரிபு நேரம், என்ன செய்யுறதுன்னு தெரியாம ஓடி வந்து அந்தச் சுவத்தைத் தட்டினா. கதவு இல்லைங்கிறதே அவளுக்கு மறந்துபோச்சு. நான் உங்க பாத்ரூமுக்குள்ள நின்னு இந்தப் பக்கமாத் தட்டுனேன். அவ அங்க தட்டுறா, நான் இங்க தட்டுறேன். நீங்க என்ன செஞ்சீங்க?"

உவைஸ்னாவுக்கு நினைவு வந்தது.

"குழாய்ல காத்து அடைச்சிருக்குன்னு சொல்லி பிளம்பரைக் கூட்டியாந்தீங்க."

ஜவாஹிர் இதை மொழிபெயர்க்கவில்லை. நெஜ்லா மட்டும், ஜவாஹிர் சொல்லாமலே, மூக்கை உறிஞ்சினாள்.

உவைஸ்னா, சங்கத் தலைவர் குரல் இல்லாமல், யாருடைய குரலோ என்று அவருக்கே பட்ட ஒரு குரலில், "உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அடைச்சுட்டேன். கேட்டிருக்கணும். மாப்புப் பண்ணுவியா?" என்றார்.

ஜெய்னம்பு எழுந்தாள். நெஜ்லாவின் கன்னத்தில் முத்தம் வைத்தாள். தோல் திரையைத் தூக்கி வெளியே போனாள். திரை விழுந்தது, விழுந்தது விழுந்ததுதான், தூக்கவில்லை.

"போயிட்டா!" என்று உவைஸ்னா துள்ளி எழுந்து வெளியே ஓடினார். முற்றத்தில் மரம் இருந்தது, மரத்தடியில் பூனை இருந்தது, செருப்பு வைக்கிற பலகையில் ஜெய்னம்புவின் செருப்பு போகிற வழியைப் பார்த்து இருந்தது. ஜெய்னம்பு இல்லை. தொட்டிப் பக்கம் தேடினார், கடையில் தேடினார், தெருமுனைவரை ஓடினார். அப்போது அவர் போன் அடித்தது. சுலைகா ராத்தா.

"உவைஸ்னா தம்பி, உங்க பொண்டாட்டி எங்க முடுக்குல வந்து நிக்கிறா. காலுல செருப்புகூட இல்லாம. உங்க ஊட்டுச் சுவத்தைத் தட்டிக்கிட்டு நிக்கிறா."

"எங்க... எப்படி... முன்வாசல் சாவி மச்சினன்கிட்ட இருக்கு, வாங்கித் திறந்து போகச் சொல்லுங்க ராத்தா!"

அந்தப் பக்கம் ஏதோ கேட்டுவிட்டுச் சுலைகா ராத்தா திரும்பி வந்தாள். "தெரு வழியா வர மாட்டாளாம். போன வழியாத்தான் வருவாளாம். நீங்க வந்து திறக்கிறவரைக்கும் எங்க ஊட்டுல இருக்கேங்கிறா. டீ குடிச்சிக்கிட்டிருக்கா."

அவர் கேட்ட மாப்பைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்க நினைத்தார், கேட்க முடியவில்லை. ஹிக்மத்திடம் இதைச் சொன்னபோது அவர், அப்படியும் நடக்கும் என்று தலையாட்டிவிட்டு, உவைஸ்னாவின் செருப்பை மரியாதையாக வாசல் பார்த்துத் திருப்பி வைத்தார். விமான நிலையத்தில் ஜெய்னம்புவின் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி, வந்த முத்திரை இருக்கிறது, ஆள் எங்கே என்று கேட்டார். ஜவாஹிர், 'பாஷா பள்ளி' என்று ஒரு சொல் சொன்னார்; அதிகாரியின் தாயார் குயுபாஷிக்காரி என்பதால் அவர் மேற்கொண்டு கேட்காமல், நீங்கள் விதவைக் கட்சியா தங்கைக் கட்சியா என்று மட்டும் விசாரித்தார். "பெண்டாட்டிக் கட்சி" என்றார் உவைஸ்னா.

ஊருக்கு வந்து இறங்கியதும் வரவேற்க வந்த சங்கத்தாரிடம் நின்று பேசாமல், கொத்தனாரையும் கூப்பிடாமல், கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். மார்பிள் உடைந்தது, குழாய் உடைந்து தண்ணீர் பீறிட்டது, சுவர் செங்கல் செங்கலாக விழுந்தது. தலையெல்லாம் சுண்ணாம்பாக, மூச்சு வாங்க, கடைசிச் செங்கல்லையும் எடுத்துப் போட்டுவிட்டுப் பார்த்தபோது முடுக்கு வெறுமனே கிடந்தது. எதிர்வீட்டுப் பின்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே இரண்டு பெண்கள் பேசிக்கொள்கிற சத்தம் கேட்டது. ஆண்கள் முடுக்கில் காலடி வைப்பதில்லை, ஆகவே கூப்பிடப் போக முடியாது.

குயுபாஷியிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த ஜெய்னம்புவின் செருப்பைப் பையிலிருந்து எடுத்தார். உள்ளே பார்த்து வைத்தார். அது பிடித்து வைக்கிற மாதிரி இருந்தது. வெளியே பார்த்துத் திருப்பி வைத்தார். அது போகச் சொல்கிற மாதிரி இருந்தது. எப்படி வைப்பது என்று விளங்காமல், கடைசியில் அவளிடமே கேட்டு வைத்துக்கொள்ளலாம் என்று, அதை மடியில் வைத்துக்கொண்டு, ஈரச் செங்கல் குவியலின் மேல் உட்கார்ந்தார். அசருக்குப் பாங்கு சொன்னது. மஃரிபுக்கும் சொன்னது. அவருக்கு எண்ணிப் பார்க்க ஒன்றும் இல்லை. வர வேண்டியது ஒரே ஒரு ஆள்தான்.

கதவே இல்லாமல் திறந்து கிடந்த அந்த வாசலின் ஓரச் சுவரை யாரோ தட்டினார்கள். உவைஸ்னா எழுந்தார். குழாய்ச் சத்தம் என்று அவர் நினைக்கவில்லை.